நம் ஊர் ஆறு போய்ச் சேரும் துறைமுகம்

பிப்ரவரி 7, வெள்ளி. புதுச்சேரி

விடியற்காலையில் செஞ்சிப் பக்கத்திலிருந்து கிளம்பிய வேன் திண்டிவனத்தைத் தாண்டுவதற்குள் மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டார்கள். எலுமிச்சம்பழம், பழைய செய்தித்தாள், ஈரத்துண்டு என எல்லாவற்றையும் கையோடு கொண்டுவந்திருந்த கணக்கு சார்தான் காலைப் பொழுதைக் காப்பாற்றினார். மாசி பிறக்கப் போகிறது, பனி இன்னும் விடவில்லை. கிளியனூர் அருகே சாலையோர மரங்கள் பாதிதான் தெரிந்தன.

இந்தப் பயணம் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கடல் வணிகத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது என் கையில் இருப்பது சுவரில் மாட்டும் ஒரு வரைபடம். நீலக் கடலில் சிவப்பு அம்புகள். எகிப்திலிருந்து சேரநாட்டு முசிறிக்கு ஒன்று, கொற்கையிலிருந்து ஈழத்துக்கு ஒன்று, புகாரிலிருந்து கிழக்கே ஒன்று. ஊர்களையும் சரக்குகளையும் பிள்ளைகள் அழகாக ஒப்பித்துவிடுவார்கள். அந்த அம்பின் மேல் போனது யார், என்ன தின்றார்கள், எங்கே படுத்தார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்க ஒன்றும் இல்லாத பாடமாக அதை வைத்திருக்கிறோமே என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஓடும் சங்கராபரணியைச் செஞ்சி ஆறு என்றும் வராக நதி என்றும் சொல்வார்கள். கடலை நெருங்கும்போது அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சுண்ணாம்பாறு, மற்றொன்று அரியாங்குப்பம் ஆறு. இந்த இரண்டாவது கிளையின் கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. நாம் துணி துவைக்கிற ஆறு போய்ச் சேருகிற இடத்தில் ரோமாபுரிச் சரக்கு இறங்கியது என்று சொன்ன அன்று, கடைசி பெஞ்சு உட்பட வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன் பிறகு பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது ஒன்றும் கடினமாக இல்லை.

முதலில் பாரதி பூங்காவை ஒட்டிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்கள் பல அங்கே இருக்கின்றன. பிள்ளைகள் பல்லக்கையும் பழைய நாற்காலிகளையும் பார்க்க ஓடினார்கள். ஒரு பெண் மட்டும் மணிகள் இருந்த கண்ணாடிப் பெட்டியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய அம்மா ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுப்பவர். பள்ளி விட்டதும் மணியை நிறம் பிரித்து வைப்பது இவள் பொறுப்பு. கடுகு அளவு, அதைவிடச் சற்றுப் பெரியது என்று செங்கல் சிவப்பிலும் கருப்பிலும் பச்சையிலும் நீலத்திலும் கிடந்த கண்ணாடி மணிகளை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், இவ்வளவு சின்ன மணியில் துளை போட்டால் உடைந்துவிடுமே, எப்படிப் போட்டார்கள்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். துளையைப் பிறகு போடவில்லை. உருகிய கண்ணாடியை உள்ளே வெற்றிடம் இருக்கும்படி நீளமான குழாயாக இழுக்கிறார்கள். ஆறியதும் குழாயைப் பொடிப்பொடியாக நறுக்குகிறார்கள். நறுக்கிய ஓரம் நூலை அறுக்கும் என்பதால் துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்குகிறார்கள். சாம்பல் துளைக்குள் புகுந்து அதை அடைபடாமல் காக்கிறது, ஓரமும் மழுங்குகிறது. ஆந்திராவில் திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் நம் காலத்திலும் இந்த முறையில் மணி செய்திருக்கிறார்கள். இவ்வகை மணிகள் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொரியா, ஜப்பான் வரை கிடைத்திருக்கின்றன. இதையெல்லாம் சொன்னதும் அவள், "அப்படியானால் துளைதான் முதலில், மணி அப்புறம்" என்றாள். மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு அவளையே விளக்கச் சொன்னேன். பல்லக்குப் பக்கம் போனவர்களும் திரும்பி வந்தார்கள்.

அடுத்த பெட்டியில் ஆம்போரா ஜாடிகளின் உடைந்த துண்டுகள். முழு ஜாடியின் படத்தைக் காட்டியபோது, அடி கூர்மையாக இருக்கிறதே, தரையில் நிற்காதே என்று சண்டைக்கு வந்தார்கள். தரைக்காகச் செய்ததில்லை, கப்பலின் அடித்தட்டில் ஒன்றின் இடுக்கில் ஒன்றாகச் சொருகி அடுக்குவதற்காகச் செய்தது என்றதும் சமாதானம் ஆனார்கள். கிரேக்கத் தீவான கோசிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், ஸ்பெயின் பக்கத்திலிருந்து உப்பிட்டு ஊறவைத்த மீன் சாறு என்று இந்த ஜாடிகளில்தான் வந்தன. மதுவும் எண்ணெயும் யாரையும் அசைக்கவில்லை. மீன் சாறு என்றதும் அறை முழுக்கச் சிரிப்பு. "மீன் இருக்கிற ஊருக்கே மீன் கொண்டுவந்தார்களா?" என்று ஒருவன் கேட்டான். வெளியூர் போகிற நம் ஆள்கள் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போகவில்லையா என்று கணக்கு சார் திருப்பிக் கேட்டார். யவனர் என்று நாம் சொல்லும் அந்தக் கிரேக்க, ரோமானியரும் பழகிய ருசியை விட முடியாத மனிதர்கள்தான் என்று அந்த இடத்தில் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது.

மதியம் ஒரு மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு என்று சொல்லி 70 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ரசம் மிக நன்றாக இருந்தது. பெரிய மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ஒரு பேக்கரியில் நீளமான பிரெஞ்சு ரொட்டி ஒன்று 25 ரூபாய் என்று வாங்கி எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தேன். மேல் ஓடு கடினமாக இருக்கிறது என்று பாதிப் பேர் பையில் போட்டுக்கொண்டார்கள்.

மார்க்கெட்டில் மளிகைக் கடைக்காரர் ஒருவரிடம் மிளகு விலை கேட்கச் சொன்னேன். நூறு கிராம் 95 ரூபாய். எதற்கு விசாரிக்கிறார்கள் என்று அறிந்ததும் அவர் ஒரு பிடி மிளகை எடுத்து, ஆளுக்கு ஒன்றாகக் கையில் வைத்து, "கடித்துவிட்டு அப்புறம் பாடம் படியுங்கள்" என்றார். கண்ணில் நீர் வழிய நின்றவர்களிடம் இரண்டு செய்திகளைச் சொன்னேன். முசிறிக்கு யவனரின் கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும் என்று அகநானூற்றில் இருக்கிறது, கறி என்பது இந்த மிளகுதான். எகிப்தில் செங்கடல் கரைத் துறைமுகமான பெரனிகேயில் ஒரு கோயிலைத் தோண்டியபோது, இந்தியாவில் செய்த பெரிய பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. கணக்கு சார் உடனே, இன்றைய விலைக்கு அது எவ்வளவு என்று கேட்டுவிட்டார். கடைக்காரர் தன் கால்குலேட்டரை நீட்டினார்.

மாலை கடற்கரைச் சாலையில் ஒரு விளையாட்டு வைத்தேன். வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதியது. முசிறிக் கடன் ஒப்பந்தம் ஒன்றும், ஹெர்மாபொல்லோன் என்ற கப்பல் ஏற்றிவந்த சரக்குக் கணக்கும் அதில் உள்ளன. யானைத் தந்தம், கங்கைக் கரைச் சடாமாஞ்சி என்ற வாசனை வேர் என்று பட்டியல். ரோம அரசு எல்லையில் வாங்கிய சுங்கம் நான்கில் ஒரு பங்கு. பிள்ளைகளைப் பயிரிடுபவர், வண்டிக்காரர், கடன் கொடுத்தவர், மாலுமி, சுங்க அதிகாரி என்று பிரித்து, மல்லாட்டைப் பருப்பை, அதாவது நிலக்கடலையை, சரக்காகக் கொடுத்தேன். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் குறையும். சுங்கக்காரனாக இருந்த பையன் குவியலில் கால் பங்கை அள்ளியபோது பெரிய கூச்சல். "இவன் ஓர் அடிகூட நடக்கவில்லை டீச்சர்!" மிளகு பயிரிட்ட பெண்ணின் கையில் கடைசியில் நின்றது நாலு பருப்பு. அவள் அழாத குறை. விலை ரோமில் ஏறினால் தோட்டத்தில் இருப்பவருக்கு ஏன் ஏறவில்லை என்று கேட்டாள். அவள் வீட்டில் போன வருடம் மல்லாட்டைக்கு என்ன விலை போட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் முழு விளையாட்டையும் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய், சுண்டல்காரரைக் கையோடு அழைத்துவந்து எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தார். பெயர் கேட்டோம், சொல்லவில்லை.

தங்கிய மண்டபத்தில் இரவு பத்து மணிக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. முன்பணம் வாங்கும்போது இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் என்று சொன்னவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா தன் மோட்டாரைப் போட்டு, குழாயை மதில் மேல் தூக்கிக் கொடுத்தார்.

பிப்ரவரி 8, சனி. அரிக்கமேடு

அரியாங்குப்பத்திலிருந்து காக்காயன்தோப்பு வழியாகச் சின்னச் சந்துகளில் போக வேண்டும். வேன் ஓரிடத்துக்கு மேல் போகவில்லை, நடந்தோம். மாமரம், தென்னை, காய்ந்த சருகு, ஆற்றின் சேற்று வாசனை. உள்ளே பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷனரிகள் கட்டிய கட்டடத்தின் செங்கல் தூண்கள் இரண்டு மூன்று நிற்கின்றன. பிள்ளைகள் அதைப் பார்த்து ரோமாபுரிக் கோட்டை என்று நினைத்துக்கொண்டார்கள். இல்லை என்றதும், "அப்படியானால் துறைமுகம் எங்கே?" என்று கேட்டார்கள்.

நாங்கள் நின்ற இடம்தான். தோண்டிய குழிகளையெல்லாம் மூடிவிட்டார்கள். மண்ணுக்கு அதுதான் பாதுகாப்பு. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இங்கே கண்ணில் படுவது ஒரு தோப்பு. ஒரு நிழற்கூடமும், பிள்ளைகள் படிக்கிற தமிழில் நாலு பலகையும், தொட்டுப் பார்க்க மாதிரிப் பானைகளும் இந்த மேட்டில் இருக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன். இவ்வளவு பெரிய சரித்திரம் நடந்த மண்ணில் சொல்லிக்கொடுக்க ஆசிரியரின் வாய் ஒன்றுதான் இருக்கிறது.

மாமர நிழலில் உட்காரவைத்துக் கதையைத் தொடங்கினேன். 1937-இல் புதுச்சேரிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் இங்குள்ள சிறுவர்களிடமிருந்து மணிக் கற்களை விலைக்கு வாங்கினார். அவற்றில் ஒன்றில் ஒரு மனிதத் தலை செதுக்கியிருந்தது. அது அகஸ்டஸ் சீசரின் உருவம் என்று அவர் கருதினார். 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அதன் பிறகு ழான் மரி கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த செங்கடல் வழிக் குறிப்பில் வரும் பொதுகே என்ற துறை இதுதான் என்பது பரவலான கருத்து. எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்கு மனதில் நின்றது, முதலில் பொறுக்கியவர்கள் தங்கள் வயதுச் சிறுவர்கள் என்பதுதான். உடனே பத்துப் பேர் குனிந்து தரையைத் துழாவத் தொடங்கினார்கள். இங்கே எதையும் எடுக்கக் கூடாது, பார்க்கலாம், கிடந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும் என்று வாசலிலேயே சத்தியம் வாங்கியிருந்தேன். காவலர் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார்.

ஓர் ஓட்டுச் சில்லு வேர் இடுக்கில் கிடந்தது. யாரும் அதை மதிக்கவில்லை. எங்கள் வகுப்பில் பானை செய்யும் வீட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். பாடத்தில் வாய் திறக்க மாட்டான். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சில்லைத் தூக்காமல் விரலால் தடவினான். "இது சக்கரத்தில் வனைந்தது. உள்பக்கம் விரல் வரி சுற்றிப் போகிறது. இது கழுத்துக்குக் கீழே உள்ள பாகம், இங்கேதான் கை மாறும்" என்றான். அவன் முழங்கையை உயர்த்தி, காற்றில் ஒரு பானையின் தோளை வளைத்துக் காட்டினான். சில்லு அந்த வளைவில் சரியாக எங்கே பொருந்தும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. காவலரும் உட்கார்ந்து பார்த்தார்.

அங்கிருந்து பாடம் அவனுடையது ஆகிவிட்டது. இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த சிவப்புத் தட்டுகள் இங்கே கிடைத்தன, அவற்றில் செய்தவரின் பெயர் முத்திரையாக இருந்தது என்றேன். "பானையில் பேர் போடுவார்களா?" என்று கேட்டான். உள்ளே வட்ட வட்டமாகப் புள்ளிக் கோலம் ஓடும் மெல்லிய தட்டுகளை வீலர் காலத்தில் ரோமிலிருந்து வந்தவை என்று நினைத்தார்கள், பின்னால் மண்ணை ஆராய்ந்தபோது அவை இந்தியக் களிமண் என்று தெரிந்தது, அதே தட்டுகள் பாலித் தீவிலும் கிடைத்தன என்றேன். அவன் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். "நம் ஆள்கள் செய்ததை வெளிநாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டார்களா?"

இன்னொரு திசையையும் சொன்னேன். அரிக்கமேட்டுப் பானைகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறிய பெயர்கள் இருக்கின்றன. எகிப்தின் குசேர் அல் காதிமில் கிடைத்த ஓட்டில் கணன், சாதன் என்று தமிழ்ப் பெயர்கள். தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் பெரும்பதன் கல் என்று எழுதிய பொன் உரைகல். ஒரு பொற்கொல்லர் அவ்வளவு தூரம் போய்க் கடை வைத்திருக்கிறார், கல் தன்னுடையது என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார். பேனாவில் பெயர் ஒட்டிவைக்கும் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தப் பையன் வீட்டுச் சூளையில் உடைந்த ஓடுகளை ஒரு சாக்கில் கொண்டுவந்திருந்தோம். ஆளுக்கு ஓர் ஓடும் ஓர் ஆணியும். தமிழி எழுத்துகள் அடங்கிய தாளைப் பார்த்து அவரவர் பெயரைக் கீறினார்கள். ஒரு மணி நேரம் தோப்பில் ஆணி உராயும் ஒலிதான். கொடுத்த ஓடுகளை எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்கினோம். இன்றைய ஓடு ஒன்றுகூட இந்த மண்ணில் கலக்கக் கூடாது. நாளை தோண்டுபவரைக் குழப்பிவிடும். இதில் ஒரு துண்டு குறைந்தது. சருகைக் கிளறித் தேடினோம். கடைசியில் அது ஒரு சிறுமியின் பாவாடை மடிப்பில் கிடைத்தது. இதற்குள் மரத்துச் செவ்வெறும்புகள் புளியோதரைப் பொட்டலங்களைப் பிடித்துவிட்டன. எறும்பைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டோம்.

அதே நாள் மாலை. வீராம்பட்டினம்

செங்கழுநீரம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம். வலைக்கூடத்தில் ஐந்தாறு பேர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் ஒருவர், "எந்த ஊர் பிள்ளைகள், டீச்சரம்மா?" என்று கேட்டார். செஞ்சி என்றதும், "ஃபெஞ்சல் புயலில் உங்கள் ஆறு எங்கள் பக்கம் எவ்வளவு குப்பையைக் கொண்டுவந்தது தெரியுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் அந்த வெள்ளத்தில் ஆடு போன கதையைச் சொல்ல, பேச்சு வளர்ந்தது.

காற்றைப் பற்றிக் கேளுங்கள் என்று ஜாடை காட்டினேன். அவர் மணலில் காலால் ஒரு கோடு இழுத்தார். இது கரை. ஐப்பசியிலிருந்து வாடை அடிக்கும், தெற்கே ஓடலாம். மாசி பங்குனியில் கொண்டல். அதற்குப் பிறகு சோழகம், வடக்கே ஏறலாம். ஆனி, ஆடியில் கச்சான், கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். என்ஜின் வருவதற்கு முன் தன் தாத்தா கட்டுமரத்தில் பாய் கட்டிப் போன கணக்கு இது என்றார். காற்று மாறும்வரை என்ன செய்வார் என்று ஒரு பெண் கேட்டாள். "போன ஊரிலேயே கிடப்பார். சமைப்பார், வலை பொத்துவார், கதை பேசுவார். அங்கேயே பெண் எடுத்தவர்களும் உண்டு."

நான் அந்த வாரம் முழுக்கச் சொல்ல நினைத்ததை அவர் மூச்சு விடாமல் சொல்லிவிட்டார். யவனக் கப்பல் ஆடி வாக்கில் எகிப்திலிருந்து புறப்பட்டு, தென்மேற்குப் பருவக்காற்றில் மேலைக்கரையை வந்து அடையும். திரும்பிப் போக வாடைக்குக் காத்திருக்க வேண்டும். மார்கழி, தை வரை வழி கிடையாது. அந்த மாதங்களில் அவர்கள் நம் ஊர்ச் சோற்றைத் தின்றார்கள், நம் பேச்சைக் கற்றார்கள், கடன் வாங்கினார்கள், நோய் வந்து படுத்தார்கள். கலாசாரப் பரிமாற்றம் என்று புத்தகம் சொல்வதில் பெரும்பகுதி அந்தக் காத்திருப்பில் நடந்ததுதான் என்பது என் உறுதியான எண்ணம். வரைபடத்து அம்பு நிற்பதே இல்லை, அதுதான் அதன் குறை. அந்தக் கிரேக்க மாலுமி இந்தக் கரையில் சங்கரா என்று சொல்லப்பட்ட, பெரிய மரங்களைப் பிணைத்துச் செய்த கலங்களைப் பார்த்ததாகக் குறித்திருக்கிறார் என்று பெரியவரிடம் சொன்னேன். "பிணைத்துக் கட்டினால்தான் அலையில் விட்டுக்கொடுக்கும்" என்றார்.

ஒரு வீட்டில் சொல்லிவைத்துச் சங்கரா மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம், தலைக்கு 80 ரூபாய். உறைப்பு தாங்காமல் தண்ணீர் கேட்டவர்களுக்கு அந்த வீட்டம்மா மோர் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு. கிருமாம்பாக்கம், கடலூர்

கடலூர் அரை மணி நேரப் பாதைதான். கிருமாம்பாக்கம் அருகே வேன் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் வர நேரமாகும். வாடகைக்கு விட்டவர் மாற்று வண்டி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அனுப்பவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பதற்றம், கணக்கு சாருக்குக் கோபம்.

சாலையோரம் பனங்கிழங்கு விற்ற பாட்டி தன் கீற்றுக் கொட்டகையைக் காட்டி, "பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாதே, உள்ளே விடு" என்றார். ஐந்து கிழங்கு 20 ரூபாய். வேகவைத்த கிழங்கை நாரை உரித்து, நடுவே பிளந்து, குருத்தை எடுத்துத் தனியாகத் தின்னும் முறையை அவரே பிள்ளைகளுக்குக் காட்டினார். உள்ளூர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். முதல் அரை மணி நேரம் இரண்டு கூட்டமும் முறைத்துக்கொண்டு நின்றது. பிறகு எங்கள் பெண் ஒருத்தி மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்தாள். அவர்களில் ஒருவன் கால்சட்டைப் பையிலிருந்து சோழிகளை எடுத்தான். ஒரு பிடிக்கு இரண்டு சோழி என்றார்கள், பிறகு மூன்று. யாரும் சொல்லிக்கொடுக்காமல் பேரம் நடந்தது. மதியத்துக்குள் இரு கூட்டமும் கலந்து, நான் பார்த்தறியாத ஒரு சில்லு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் கபடிப் பாட்டு அவர்களிடம் போய்விட்டது. வாடைக்குக் காத்திருக்கிறோம் டீச்சர் என்று சொல்லிவிட்டு ஓடினான் ஒருவன். வேன் தயார் என்று அழைத்தபோது கிளம்ப ஒருவருக்கும் மனம் இல்லை. பாட்டி கொட்டகை வாடகை என்று எதையும் வாங்க மறுத்தார். பனங்கிழங்கை ஒரு கட்டாக வாங்கிக்கொண்டோம்.

தென்பெண்ணையைத் தாண்டிக் கடலூர் வந்தபோது மணி மூன்று. பழைய கடலூரும் துறைமுகமும் பார்க்க நேரமில்லை. தேவனாம்பட்டினம் மட்டும் போனோம். கெடிலத்தின் ஓரத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடம். மிச்சம் கொஞ்சம்தான். 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி இந்தக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று ஒப்பந்தம். கோட்டையிலிருந்து நான்கு பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள் கம்பெனிக்குப் போயின. குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு இதுதான் தலைமை இடம்.

பிள்ளைகள் முதலில் ரசித்துக் கை தட்டினார்கள். எவ்வளவு தூரம் எட்டும், யார் சுட்டது என்று கேள்விகள். பிறகு மணிப் பெட்டியில் நெற்றி ஒட்டி நின்ற பெண் கேட்டாள்: "அந்தக் கிராமத்தில் இருந்தவர்களிடம் கேட்டார்களா?" கேட்கவில்லை. கம்பெனிக்கு வேண்டியது இந்தப் பக்கத்துத் தறிகளில் நெய்த துணி. துணியை விலை கொடுத்து வாங்கலாம், யவனர் மிளகை வாங்கியதுபோல். குண்டால் எல்லை குறித்த பிறகு பேரத்தில் இரண்டு பேர் இல்லை. இரண்டையும் கடல் வணிகம் என்று ஒரே தலைப்பில் அடக்கி நடத்துவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதைக் கடலூருக்கும் அரிக்கமேட்டுக்கும் நடுவே உள்ள இந்தச் சின்னத் தூரத்திலேயே செய்ய முடிகிறது.

இருட்டும்வரை அலையில் நின்றார்கள். கடலையே முதன்முறை பார்த்தவர்கள் சிலர் உண்டு. அவர்களை இழுத்து வேனில் ஏற்றுவது பெரும்பாடாகிவிட்டது.

அதே இரவு. பண்ருட்டி வழியாக

பண்ருட்டியில் டீ குடிக்க நிறுத்தினோம். கடைகளில் முந்திரிப் பருப்பு தொங்கியது. வீட்டுக்கு வாங்கிப் போக ஆசைப்பட்டு, கால் கிலோ விலையைக் கேட்டுவிட்டு உடைத்த பருப்பாக வாங்கிக்கொண்டார்கள். முந்திரியைப் போர்த்துகீசியர்தான் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று சொன்னேன். அதோடு விட்டிருந்தால் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை என்றதும் வேன் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. மிளகாய் இல்லாமல் குழம்பு எப்படி என்று ஒரு கட்சி. அதற்குத்தான் மிளகு என்று மற்ற கட்சி. நேற்று வீராம்பட்டினத்தில் சாப்பிட்ட மீன் குழம்பிலிருந்து கப்பலில் வந்ததையெல்லாம் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கணக்கு சார் பட்டியல் போடவைத்தார்.

விழுப்புரம் தாண்டும்போது ஒருவன் கேட்டான்: "மல்லாட்டையாவது நம்முடையதா, டீச்சர்?"

அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அவன் அப்பா இரண்டு ஏக்கரில் அதைத்தான் போடுகிறார். அவன் முகம் வாடியதைப் பார்த்து மீதியையும் சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் பக்கத்து நிலங்களில் விளைந்த மல்லாட்டை புதுச்சேரித் துறையில் ஏறி, பிரான்சில் மார்செய் நகரத்துக்குப் போயிற்று. அங்கே ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள், சோப்பு காய்ச்சினார்கள். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். எங்கிருந்து வந்தது, யார் விதைத்தது, எந்த வண்டியில் புதுச்சேரி போனது, வண்டிக்காரருக்கு எவ்வளவு கிடைத்தது என்று வரிசையாகக் கேட்கத் தொடங்கினான். செஞ்சி வந்து சேரும்வரை விடவில்லை. நள்ளிரவில் பள்ளி வாசலில் காத்திருந்த அவன் அப்பாவிடம் இறங்கியவுடன் முதலில் கேட்டது, நம் தாத்தாவுக்குத் தாத்தா மல்லாட்டை மூட்டையை யாரிடம் விற்றார் என்பது. அவர் என்னைப் பார்த்தார். நாளை மாலை வீட்டுக்கு வருகிறேன், பாட்டியும் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.